பள்ளத்தில் வாழ்வோரும் நகரத்தின் வரைபடமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என்னை அணுகியபோது, ‘கல்வியின் பயன்’ என்னும் பொருள்பற்றி உரையாற்ற வேண்டும் என்றனர். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் அதைத்தான் பேசி வருகிறேன். இன்றும் அதையே பேசினால், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தேநீர்க் கடைக்குப் போய்விடுவர். ஆகவே வேறொரு பொருளைக் கேட்டுப் பெற்றேன். நாம் குடியிருக்கும் நிலம் எத்தகையது, அதனை ஏரி என்றும் வயல் என்றும் மனை என்றும் வகுப்பவர் யார், மழை பெய்தால் தண்ணீர் ஏன் நம் தெருவைத் தேடி வருகிறது என்பன பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். இது பொறியாளர் பேச வேண்டிய பொருளாயிற்றே, வரலாறு படித்த பி.ஏ., பி.எட். இதில் என்ன பேசிவிட முடியும் என்று சிலர் எண்ணக்கூடும். நான் முதலில் சொல்லப் போவது என் அறிவைப் பற்றியன்று. என் அறியாமையைப் பற்றி.

2009ஆம் ஆண்டு. அப்பொழுது நான் பட்டதாரி ஆசிரியர். நாளேட்டை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிக்கும் வழக்கம் உடையவன். அதில் எனக்குச் சற்றுச் செருக்கும் உண்டு. ஒருநாள், ஒப்பந்தப்புள்ளி விளம்பரங்களுக்கு இடையே, பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. இன்ன கிராமத்தில் இன்ன புல எண்கள் கொண்ட நிலம், விவசாய உபயோகப் பகுதியிலிருந்து குடியிருப்பு உபயோகப் பகுதியாக மாற்றப்பட உள்ளது. ஆட்சேபணை உடையோர் குறித்த நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்பது அதன் சாரம். கிராமம் நம் கிராமந்தான். படித்தேன். ஆனால் அந்தப் புல எண் எந்த நிலத்தைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், என் வீடு நிற்கும் இடத்தின் புல எண்ணே எனக்குத் தெரியாது. தாளை மடித்து வைத்தேன். அடுத்த வாரம் அது பள்ளி அலமாரித் தட்டிலே விரிக்கப்பட்டது.

இரண்டாண்டு கழித்து, நம் தெருவுக்கு மேற்கே, ஏரிக் கலங்கலுக்குக் கீழே கிடந்த நன்செய்யில் லாரிகள் வந்து மண் கொட்டின. நான்கு அடி உயரத்துக்கு மேடாக்கிச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். முன்பெல்லாம் ஏரி நிரம்பி வழிந்தால், அந்த வயல்வெளியிலே தண்ணீர் பரவி நின்று, இரண்டு மூன்று நாளில் ஓடை வழியாக வடிந்துவிடும். அந்த ஆண்டு ஐப்பசி மழையில் பரவுவதற்கு வயல் இல்லை. தண்ணீர் நேரே நம் தெருவுக்குள் வந்தது. அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது, நான் அலமாரியில் விரித்த தாளில் எழுதியிருந்தது எந்த நிலத்தைப் பற்றியது என்று. படித்தவன் ஒருவன் ஊரில் இருந்தும், அந்த நாட்களுக்குள் ஒரே ஒரு ஆட்சேபணைக் கடிதம்கூட நம் தெருவிலிருந்து போகவில்லை. போயிருந்தால் தடுத்திருக்கலாம் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் போகவில்லை. அதற்கு நானே பொறுப்பு.

அந்த நிலத்தில் கட்டியவர்கள் திருட்டுத்தனமாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லாம் விதிப்படியே நடந்தது. தாழ்வான நிலத்தில் பெரிய மனைப்பிரிவோ கட்டடமோ அமைய வேண்டுமானால், வெள்ளம் சூழும் அபாயம் பற்றி நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் துறையிடமிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும். அத்துறையினர் இடத்தைப் பார்வையிட்டு, நிலத்தை இவ்வளவு உயரத்துக்கு மண்ணிட்டு மேடாக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்துச் சான்று அளிப்பர். நிபந்தனை நல்லதுதான், அங்கே குடிவருவோர் நனையமாட்டார்கள். ஆனால் அந்த நிலத்தில் நின்ற தண்ணீர் எங்கே போகும் என்று யார் கேட்டார்கள்? தண்ணீர் மறைந்துவிடும் பொருளன்று. ஓரிடத்தை மேடாக்கினால் அது அடுத்த பள்ளத்துக்குப் போகும். அடுத்த பள்ளம் எது? நம் தெரு. மனைக்குள் வெள்ளம் புகாமல் காக்கும் விதி, மனைக்கு வெளியே உள்ளவனைக் காக்கவில்லை. நம் வாசலில் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுச் சாலையை உயர்த்துகிறார்களே, அதுவும் இதே கணக்குத்தான். சாலை ஏற ஏற நம் வாசற்படி இறங்குகிறது. என் தகப்பனார் கட்டிய வீட்டுக்குள் போக நான்கு படி ஏறினோம். இன்று ஒரு படி இறங்குகிறோம்.

நாம் ஏன் பள்ளத்தில் இருக்கிறோம்? இக்கேள்வியைக் கேட்காமல் மேலே செல்ல இயலாது. ஊர் மேட்டிலும் சேரி தாழ்விலும் இருப்பதை நம் மாவட்டங்களில் எத்தனையோ கிராமங்களில் நான் கண்டிருக்கிறேன். ஏரி நிரம்பினால் முதலில் நனைவது நம் திண்ணை. கோடையில் ஏரி வற்றினால் கடைசியாகத் தண்ணீர் பெறுவதும் நாமே. அந்தப் பள்ளமும்கூட நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் குடிசை மனைகூட நம் முன்னோர்க்கு உரிமையாக இல்லை, மிராசுதாரர் நினைத்தால் வெளியேற்றலாம் என்னும் நிலையை அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. அதன் விளைவாக 1892ஆம் ஆண்டில் பிறந்த ஆணையின்கீழ் நம்மவர்க்கு ஒப்படைக்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள் எனப்படுவன. அவற்றில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போன கதையை இம்மேடையில் பலர் பலமுறை பேசியிருக்கின்றனர். நான் விரிக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்: நிலத்தின் வரலாறு தெரியாமல் வெள்ளத்தின் வரலாறு விளங்காது.

இனி நகரத்துக்கு வருவோம். சென்னை மாநகரம் ஏரிகளின் மேல் எழுந்த நகரம். தியாகராய நகர் இருக்கும் இடத்தில் முன்பு மயிலாப்பூர் நெடிய ஏரி பரந்து கிடந்தது. 1920களில் தொடங்கிய மாம்பலம் வீட்டுமனைத் திட்டத்துக்காக அது தூர்க்கப்பட்டது. வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம் நுங்கம்பாக்கம் ஏரி. நகரத்தின் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஐயாயிரம் எக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடுகின்றனர். சுற்றிலும் உள்ள ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலோடு கலக்கும். அச்சதுப்பில் நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள், சாலை போட்டார்கள், இரயில் நிலையமும் அலுவலகங்களும் கட்டினார்கள். 2022ஆம் ஆண்டில் அது ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சேர்க்கப்பட்டபோது அவ்வாறு சேர்க்கப்பட்ட பரப்பு 1,247 எக்டேர் மட்டுமே.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் குடிசைவாசிகள் அல்லர். ஏரியைத் தூர்த்து மனை போட்டதும், சதுப்பிலே கட்டடம் எழுப்பியதும், தீர்மானமும் ஆணையும் முத்திரையும் கொண்டு செய்யப்பட்ட செயல்கள். மதுரையிலே உயர்நீதிமன்றக் கிளை 2004ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது அமைந்த இடத்தின் பெயர் உலகனேரி. பெயரிலேயே ஏரி இருக்கிறது. ஆனால் ‘நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண் முன் எழுவது யார்? தார்ப்பாய்க் கூரையும் தகரக் கதவும் கொண்ட ஒரு குடிசைதானே! அந்தப் படம் நம் மனத்திலும்கூடப் பதிந்துவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இருகரையும் மூழ்கின. அப்பருவத்து வெள்ளத்தில் மாநிலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பின்னர் 2018ஆம் ஆண்டில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காயரின் அறிக்கை, இது மனிதரால் விளைந்த பேரழிவு என்று கண்டது. நான் பணியாற்றிய பள்ளி அப்பொழுது நிவாரண முகாமாக இருந்தது. கரும்பலகைக்குக் கீழே அடுப்பு மூட்டினோம். ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வந்த முதிய தாய் ஒருவர், ஈரப் புடவையோடு ஆறாம் வகுப்பு பெஞ்சில் அமர்ந்து என்னிடம் கூறிய வார்த்தையை அப்படியே சொல்கிறேன்: “வாத்தியாரே, தண்ணி எங்க ஊட்டுக்கு வந்துச்சு. இவுங்க என்னான்னா, நாங்கதான் தண்ணி ஊட்டுக்கு வந்தோம்ன்றாங்க.”

அவர் சொன்னது பொய்யாகவில்லை. வெள்ளம் வடிந்தபின், அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. ஆற்றங்கரையில் குடியிருப்பது ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. கூரைவரை தண்ணீர் ஏறிய வீட்டிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார்களைக் கண்டவன் நான். ‘அங்கேயே இருங்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை. பின்னர்ப் பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவை. மூன்று இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் அதன் வடிகாலையும் ஒட்டிய தாழ்நிலப் பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பதற்காக என்று சொல்லி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுசென்று, இன்னொரு வெள்ளப் பள்ளத்தில் குடியமர்த்தினார்கள். 2015இல் செம்மஞ்சேரி மூழ்கியது. 2020இல் மீண்டும் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கம் பகுதியும் தண்ணீரில் தவித்தது. ஆற்றங்கரையில் இருந்தபோதாவது வேலைக்கு நடந்து போனார்கள்; இங்கே வெள்ளமும் உண்டு, பேருந்துக் கட்டணமும் உண்டு.

என் பள்ளியிலிருந்து ஒரே வாரத்தில் ஒரு வகுப்பறையையே நிரப்பும் அளவுக்குப் பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றனர். கல்வியாண்டின் நடுவே. அரையாண்டுத் தேர்வு முடியவில்லை. நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர்களில் எத்தனை பேர் புதிய இடத்தில் பள்ளியில் சேர்ந்தனர் என்று ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது எனக்குக் கிடைத்த விடை மகிழத்தக்கதாக இல்லை. கல்வியின் பயன் பற்றிப் பேசச் சொன்னீர்களே, அதனால் சொல்கிறேன். நிலத்தை யார் எப்படி வகுக்கிறார்கள் என்பதற்கும் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பைக் கடப்பதற்கும் இடையே நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவு உண்டு.

சட்டம் இருவகைக் கண்ணால் பார்த்தது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். நம் மாநிலத்தில் 1971ஆம் ஆண்டில் நகர் ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1974இல் சட்டப்படியான அமைப்பாயிற்று. 1976இல் முதல் முழுமைத் திட்டமும் 2008இல் இரண்டாம் முழுமைத் திட்டமும் ஒப்புதல் பெற்றன. எவ்விடத்தில் வீடு, எவ்விடத்தில் தொழிற்சாலை, எவ்விடத்தில் வயல் என்று இத்திட்டங்கள் வகுத்தன. வகுத்தபடி கட்டினார்களா? அனுமதித்த மாடிகளுக்கு மேல் மாடி எழுப்பியோரும், பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விழுங்கியோரும் நகரமெங்கும் பெருகினர். அவர்களுக்காக 1998இல் அச்சட்டத்தில் 113-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கட்டணம் செலுத்தினால் விதிமீறிய கட்டடத்தை வரன்முறைப்படுத்தலாம். ஒரேமுறை வழங்கும் சலுகை என்றார்கள். பிறகு அதையே நீட்டித்துக்கொண்டே போனார்கள். 2006ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாதெனக் கூறியது. பின்னர் 2012இல், 2007 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்காக 113-இ என்னும் பிரிவு வந்தது. ஏரி, கால்வாய்ப் புறம்போக்கைப் பொறுத்தவரை 2007ஆம் ஆண்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஏரிகள் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஏரி வற்றினால் முதலில் தவிப்பவர் நாமே. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பட்டா உள்ளவன் விதியை மீறினால் அது ‘விதி விலகல்’. அதற்குக் கட்டணம் உண்டு. பட்டா இல்லாதவன் ஓலைக் குடிசை போட்டால் அது ‘ஆக்கிரமிப்பு’. அதற்குப் புல்டோசர் உண்டு.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். வெள்ளம் பாயும் சமவெளியை வகைப்படுத்தி, ஆற்றை ஒட்டிய பகுதியில் எதுவும் கட்டக்கூடாது, அதற்கு அடுத்த பகுதியில் இன்னின்னவை மட்டும் கட்டலாம் என்று வரையறுக்கும் மாதிரிச் சட்ட வரைவு ஒன்றை மத்திய அரசு 1975ஆம் ஆண்டிலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978இலும் ராஜஸ்தான் 1990இலும் அப்படிச் சட்டம் இயற்றின. பெரும்பாலான மாநிலங்கள் இயற்றவில்லை. 2015 வெள்ளம் வந்தபோது நம் மாநிலத்திலும் அப்படியொரு சட்டம் இல்லை. நாற்பதாண்டு! நான் முதல் வகுப்பில் சேர்ந்த காலத்தில் வந்த வரைவு. நான் தலைமையாசிரியர் ஆகும்வரை சட்டமாகவில்லை.

பிழை முழுவதும் வெளியே இருக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். நம்மில் அரசுப் பணி பெற்றோர் சிலர், முன்பணம் குறைவு என்பதற்காக ஏரி உள்வாயிலும் ஓடைக் கரையிலும் அனுமதி பெறாத மனைகளை வாங்கினோம். தரகர் மாலை போட்டு அழைத்துச் சென்றார். கல் நட்ட இடத்தைப் பார்த்தோம். புல எண்ணைப் பார்க்கவில்லை. 2016இல் உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தபோது கலங்கி நின்றோம். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தபின் வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் நானும் ஒருவன். ஆகவே இளைஞர்களே, ஆசிரியர் சொல்கிறார் என்று நம்பிவிடாதீர்கள், பதிவேட்டைப் பாருங்கள்.

நகரமன்றத் தீர்மானம் என்பது வெறும் காகிதம் என்று நினைப்போர்க்கு மகத் நகரசபையின் வரலாற்றை நினைவூட்டுகிறேன். 1923இல் பம்பாய்ச் சட்டசபை, பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டத்தகாதோரும் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தது. அதையொட்டி 1924இல் மகத் நகரசபை தன் சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 1927 மார்ச் 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு அக்குளத்துக்குச் சென்று நீர் அருந்தினார். அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் அந்நகரசபை தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு நடந்தது, 1937இல்தான் உயர்நீதிமன்றத்தில் நமக்கு வெற்றி கிடைத்தது. இதில் நான் கவனிப்பது ஒன்று. தீர்மானம் இருந்ததை அண்ணல் அறிந்திருந்தார். அது எந்த ஆண்டில், எந்தச் சொற்களால் இயற்றப்பட்டது என்று அறிந்திருந்தார். தாகத்தோடு சென்றவர்கள் கையில் தீர்மானத்தையும் கொண்டு சென்றார்கள்.

நமக்குரிய தீர்மானங்கள் எங்கே இயற்றப்படுகின்றன? 1993இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் எழுபத்து நான்காம் திருத்தம், நகராட்சிகளுக்கு வழங்கத்தக்க பதினெட்டு அதிகாரங்களைப் பட்டியலிட்டது. அப்பட்டியலில் முதலாவது நகரத் திட்டமிடல். இரண்டாவது நில உபயோகத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்தல். ஆயினும் சென்னையைப் பொறுத்தவரை நில உபயோகத்தை வகுப்பதும் மாற்றுவதும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் வழியாகவே நடந்து வந்தன; மாநகராட்சி சிறு கட்டடங்களுக்கு, தனக்கு ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தின்படி, அனுமதி வழங்கியது. அந்த மாநகராட்சிக்கும் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. பெருவெள்ளத்தை அடுத்த ஆறாண்டில், கரையோர மக்கள் கூட்டங்கூட்டமாக அகற்றப்பட்டபோது, ‘எங்கள் வார்டு உறுப்பினர்’ என்று போய் நிற்க அவர்களுக்கு ஒருவரும் இல்லை.

2022இல் தேர்தல் நடந்தது. 200 வார்டுகளில் 32 வார்டுகள் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டன; மேயர் பதவி நம் சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, திருமதி ஆர். பிரியா மேயரானார். 1937இல் ஜே. சிவசண்முகம் பிள்ளையும் 1945இல் தந்தை என். சிவராஜும் அமர்ந்த நாற்காலி அது. பெருமைதான். ஆனால் நாற்காலியைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவதோடு நம் கடமை முடிந்ததாக எண்ணலாமா? வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022இல் விதிகள் வெளியிடப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. என் பள்ளிக்கு அருகே நடந்த அத்தகைய கூட்டமொன்றுக்குப் போயிருந்தேன். தெருவிளக்கு, குப்பைத்தொட்டி, நாய்த் தொல்லை என்று பலரும் பேசினர். எல்லாம் தேவையானவையே. ஆனால் மேற்கே வயலை மேடாக்குகிறார்களே, மழைநீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுந்து கேட்டேன். அதிகாரி குறித்துக்கொண்டார். விடை வரவில்லை, ஆனால் கூட்டக் குறிப்பில் என் கேள்வி ஏறியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். ஏறியிருந்தது. அது எனக்கு ஒரு சிறு நிறைவு.

இது இப்பொழுது அவசரமான பொருளாகவும் ஆகியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் உங்கள் மாமன் மச்சான் வீடு இருக்கும் கிராமங்கள் பலவும் அதற்குள் வந்துவிட்டன. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கு மக்களிடம் கருத்தும் கேட்கத் தொடங்கினார்கள். இருபதாண்டுக்கு நம் பள்ளத்தின் தலையெழுத்தை எழுதும் ஏடு அது. அதிலே நம் குடியிருப்பு ‘குடியிருப்புப் பகுதி’ என்று குறிக்கப்படுமா, ‘நீர்நிலை’ என்று நீல நிறம் தீட்டப்படுமா, நம் தெருவுக்கு மேற்கே உள்ள வயல் வயலாகவே இருக்குமா என்பது பிறகு அழுது கேட்கும் கேள்வியன்று.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டில் ஆசிரியர்களை உருவாக்கியது. எழுத்தர்களை, செவிலியரை, இரண்டு வழக்கறிஞர்களை உருவாக்கியது. நில அளவர் ஒருவர்கூட இல்லை. நகரமைப்புப் படித்தவர் ஒருவரும் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம் நான் ‘மருத்துவம்’, ‘காவல்துறை’ என்ற இரண்டு விடைகளையே கேட்டு வருகிறேன். பாலிடெக்னிக்கில் கட்டடவியல் பட்டயம் பெற்றால் அளவர் ஆகலாம். பொறியியலில் நகரமைப்புப் படிப்பு உண்டு. சங்கம் வழங்கும் உதவித்தொகையில் ஒன்றை இத்துறைக்கென ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். தலைவர் இம்மேடையிலேயே இருக்கிறார். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை ஒப்புதல் என்றே கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, நம் கிராம வரைபடத்தின் நகலும் ‘அ’ பதிவேட்டின் நகலும் பெற்று வந்திருக்கிறேன். மூன்று முறை அலைந்தேன். நான்காம் முறை கிடைத்தது. ஏரி, வரத்துக் கால்வாய், கலங்கல், ஓடை எல்லாம் அதில் கோடு கோடாக இருக்கின்றன. ஓடையின் அகலம் வரைபடத்தில் எவ்வளவு, இன்று நிலத்தில் எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டும். நான் அளந்து பார்க்கத் தொடங்கியபோது என் கால்வலி இடந்தரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூடுவோம். வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன். அளவு நாடா ஒன்று என்னிடம் உண்டு. இன்னொன்று தேவை, கொத்தனார் வேலை செய்வோர் யாரேனும் கொண்டு வரலாம். பெரியவர்கள் வந்து, 1985இல் தண்ணீர் எதுவரை வந்தது, 2015இல் எதுவரை, 2023இல் எதுவரை என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் அடையாளம் இட்டு, ஆண்டை எழுதி, நிழற்படம் எடுத்து, புல எண்ணோடு ஒரு குறிப்பேட்டில் பதிவோம். எழுதுவதற்கு நல்ல கையெழுத்துள்ள மாணவிகள் இருவர் வந்தால் போதும். காலைச் சிற்றுண்டிக்கு மகளிர் குழுவினர் ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.